மகனுக்கு 18 ஆகப்போகிறது, பணத்தை அவன் பெயரில் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு வரும் மாசியில் 18 முடிகிறது. செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), அறிவுத்திறன் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு. இத்தனை வருடம் பார்த்த குழந்தைகள் நல டாக்டர், இனி பெரியவர்களுக்கான நரம்பியல் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார். கணவருக்கு 52 வயது, தனியார் கம்பெனி, 58-ல் ஓய்வு. மகள் இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்து, பிசியோதெரபி, டயப்பர் எல்லாம் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. மாமனார் கொடுத்த 6 லட்சம் மகன் பெயரில் எஃப்டியில் இருக்கிறது. கையில் இன்னும் 10 லட்சம் இருக்கிறது. அதையும் அவன் பெயரிலேயே போடலாமா? சொந்தக்காரர் ஒருவர் வருடம் ஒரு லட்சம் பிரீமியத்தில் குழந்தைகள் பாலிசி ஒன்று எடுக்கச் சொல்கிறார். (மதுரை வாசகி)

பதில்: போடாதீர்கள். அந்த 10 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இப்போதைக்கு அவன் பெயரில் வேண்டாம்.

காரணம் வட்டியோ வரியோ இல்லை, கையெழுத்து. மைனராக இருக்கும்வரை அவன் கணக்கில் நீங்கள் போடும் கையெழுத்து செல்லும். 18 முடிந்த மறுநாளிலிருந்து, சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர், பெற்ற தாயாக இருந்தாலும் நீங்கள் மூன்றாம் மனிதர். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. முதிர்ந்த எஃப்டியை எடுக்கப் போனார்கள், கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் பையன் பக்கம் நகர்த்தி "தம்பியையே போடச் சொல்லுங்க" என்றார், அவன் பேனாவை வாங்கிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். நாலரை லட்சம் ஏழு மாதம் அங்கேயே கிடந்தது, அதே சமயம் பிசியோதெரபிக்கு அவர்கள் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. 1999-ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கலெக்டர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உண்டு, நீங்களும் கணவரும் சேர்ந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம். அது தரும் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆக ஒரு கூட்டம் தவறினால் காலாண்டு போய்விடும். மாசி வரட்டும் என்று இருக்காமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே விசாரித்து ஆதார், மருத்துவச் சான்று எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாள் முடிந்த வாரமே விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். அறிவுத்திறன் குறைபாட்டுச் சான்றை 18 வயதில் மறுமதிப்பீடு செய்து நிரந்தரமாகத் தருவார்கள், அதையும் கையோடு முடித்துவிடுங்கள். சான்றிதழ் கிடைத்து ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அப்புறம் வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள், போதும்.

இடையில் வரும் மாதங்களுக்காக ஒன்றரை லட்சத்தை உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள். டாக்டர் மாறும் நேரம் செலவு கூடும். புது டாக்டர் ஸ்கேன், இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் டெஸ்ட்) எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்லலாம். பழைய டாக்டரிடம் வலிப்பு வந்த விவரம், கொடுத்துப் பார்த்து நிறுத்திய மருந்துகள், இப்போதைய அளவு எல்லாம் அடங்கிய ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள், பாதி டெஸ்ட் மிச்சமாகும். இன்னொன்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை: குழந்தைகள் வார்டில் நீங்கள் கூடவே படுத்துக்கொண்டீர்கள், ஆண்கள் பொது வார்டில் இரவு உங்களை விட மாட்டார்கள். தனி அறை எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆண் உதவியாளர் வைக்க வேண்டும், அந்த ஆள் கூலியை இன்சூரன்ஸ் பொதுவாகத் தராது.

இன்சூரன்ஸ் என்றதும் கணவரின் கம்பெனி பாலிசி ஞாபகம் வந்திருக்கும். அவர் ஓய்வு பெறும்போது மகனுக்கு 24 வயது, அன்றோடு அந்த பாலிசி போய்விடும். அதே சட்டப்படி மத்திய அரசு அமைத்த நேஷனல் டிரஸ்டின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உடனே சேருங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கவரேஜ், முன்பரிசோதனை கிடையாது, வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும்கூடப் பணம் வரும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். பெரிய செலவுக்கு இது பத்தாது, அதனால் தனியாக ஒரு மெடிக்கல் பாலிசியும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று 2023-லேயே கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது. அப்படி ஒரு பாலிசியே இல்லை என்று ஏஜென்ட் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

மீதி எட்டரை லட்சத்தில் பாதியை உங்கள் இருவர் பெயரில் எஃப்டியாகவும், பாதியை ஒன்றரை வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இண்டெக்ஸ் ஃபண்டிலும் (பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) போடுங்கள். செலவு வருடம் 7 சதவீதம் ஏறினால் இன்றைய 18,000 பத்து வருடத்தில் 35,000-ஐத் தாண்டிவிடும், எஃப்டி மட்டும் அதைத் தாங்காது. சொந்தக்காரரின் பாலிசி வேண்டாம், பையன் குழந்தையாக இருக்கப்போவதே இன்னும் சில மாதம்தான்! அந்த ஒரு லட்சத்துக்குள் கணவர் பெயரில் டெர்ம் இன்சூரன்ஸ் (அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) எடுங்கள், 52 வயதில் பிரீமியம் கொஞ்சம் உறைக்கும், பரவாயில்லை. கணவரின் பிஎஃப் கணக்கில் இபிஎஸ் (ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) பென்ஷன் உண்டா என்றும் பாருங்கள். கணவர் காலத்துக்குப் பிறகு, நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்ற பிள்ளைக்கு 25 வயதைத் தாண்டியும் அந்த பென்ஷன் உண்டு, ஆனால் சான்றிதழ் பதிவாகியிருக்க வேண்டும். வரிக்குரிய வருமானத்தில் 75,000 கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்றால் 1,25,000, ஆனால் பழைய வரி முறையில் மட்டும்.

உங்கள் காலத்துக்குப் பிறகு? உயில் எழுதுங்கள், அதில் மகன் பங்கை நேரடியாக அவனுக்கு எழுதாமல் அவனுக்காகப் பணத்தை நிர்வகிக்கும் ஒரு தனியார் டிரஸ்டுக்குப் போகும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். அவனைப் பார்த்துக்கொள்பவரும் பணத்தைப் பார்த்துக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம், எத்தனை நல்லவராக இருந்தாலும். அந்த இரண்டில் ஒன்றுக்கு மகள் பெயரைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவளைக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. வக்கீலிடம் போகும் முன் அவளிடம் கேட்டுவிடுங்கள், தம்பி எதிரில் இல்லாத நேரமாகப் பார்த்து.