பதில்: பயணி தாக்கிய இ-ஹெய்லிங் ஓட்டுநர் போலீசுக்குப் போனால் பயனுண்டா?

சகோதரி, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டும் உங்கள் கணவரின் கழுத்தை, இரவில் ஏறிய பயணி பின்னாலிருந்து நெரித்துக் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான், இ-ஹெய்லிங் நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை, போலீசுக்குப் போனால் பயனுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் உண்டு, இன்றே போங்கள். நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். இதைச் சின்ன தகராறு என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள், இது கொள்ளை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 392-ஆவது பிரிவின்படி, இரவில் நடந்தால் 14 ஆண்டு வரை சிறை.

முதலில் டேஷ்கேமின் (காரில் பொருத்திய கேமராவின்) மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். காரை மறுபடி ஓட்டினால் பழைய பதிவின்மேல் புதியது ஏறி, அந்த இரவு அழிந்துவிடும். அப்புறம் அரசாங்க மருத்துவமனை. கழுத்தை நெரித்தால் வெளியே லேசான சிவப்பு மட்டும் இருக்கும், உள்ளே வீக்கம் பிறகு வரலாம். குரல் கம்மினாலோ விழுங்க வலித்தாலோ தாமதிக்கவே கூடாது. விரல் தடங்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள்.

சொக்சோவில் (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் செய்வோருக்கான காப்புறுதிச் சந்தா (சட்டம் 789) கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். கட்டியிருந்தால் ரிப்போர்ட், மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பியுங்கள்.

மறுபடி ஓட்டும்போது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் அனுப்பச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு 8 மணி நேரம் வரை ஓடும். செயலியின் அவசரப் பொத்தானை மட்டும் நம்ப முடியாது, கழுத்தில் கை விழுந்தபின் எட்டாது. பணத்தையோ போனையோ கேட்டால் கொடுத்துவிடட்டும், உயிர்தான் முக்கியம்.

ரிப்போர்ட் கொடுத்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்து நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.