விறகு பாய்லர்: செம்பா எவர்சில்வரா என்று கேட்பதற்கு முன்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஆறு பேர். பெற்றோர் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். ஐப்பசியில் மழை பிடித்தது முதல் தை முடியும்வரை விடியற்காலையில் குளிக்க வெந்நீர் வேண்டியிருக்கிறது. 2018 கஜா புயலுக்குப் பிறகு கட்டிய காங்கிரீட் வீடு என்பதால் குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொல்லையில் 20 தென்னைகள் நிற்க, மட்டையும் பாளையும் மக்கிப் போகின்றன. குறைந்த செலவில் ஒரு விறகு பாய்லர் வாங்கிக் குளியலறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா, செம்பு வாங்குவதா எவர்சில்வர் போதுமா என்பது அவர் கேள்வி.

பாய்லர் வாங்கலாம், குளியலறைக்குள் வைக்கக் கூடாது. மற்ற எதிலும் வசதிக்கேற்ப வளைந்துகொடுக்கலாம், இதில் முடியாது. நம் பழைய வீடுகளில் பாய்லர் கிணற்றடியிலோ கொல்லைத் தாழ்வாரத்திலோ நின்றதால் புகை தன் வழியே போயிற்று. இன்றைய குளியலறையோ, கதவைச் சாத்தினால் ஒரு சிறு கண்ணாடி ஜன்னலைத் தவிர வேறு திறப்பில்லாத பெட்டி. விறகு அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கித் தணலாகக் கிடக்கும் வேளையிலும் அது வந்துகொண்டிருக்கும் என்பதால், புகை நின்றுவிட்டதே என்று கதவைத் தாழிட்டுக் குளிக்கப் போவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

எனவே குளியலறைச் சுவரின் வெளிப்புறத்தை ஒட்டி ஒரு செங்கல் மேடை கட்டி, மேலே தகரக் கூரை இறக்கி, பாய்லரை அங்கே நிறுத்துங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரட்டும். புகைக்குழாய் கூரையைத் தாண்டி மூன்று அடியாவது உயர வேண்டும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே அமைந்துவிடக் கூடாது. பாய்லரிலிருந்து வெளிவரும் முதல் மூன்று அடிக் குழாய் உலோகமாக இருக்கட்டும். அதன்பின் வெந்நீருக்கென்றே விற்கும் சி.பி.வி.சி. குழாய் போதும், சாதாரண பி.வி.சி. குழாய் நெளிந்துவிடும். செம்புப் பாய்லராக இருந்தால், அதற்குப் பின்னால் ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, பூட்டாதீர்கள். செம்பின் வழியே வரும் வெந்நீர் ஜி.ஐ. குழாயைச் சீக்கிரமே அரித்துவிடும்.

தண்ணீர் வரும் ஏற்பாட்டில்தான் பிளம்பர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேரே குழாய் இழுத்துப் பாய்லரில் பூட்டி, வெளியே வரும் வழிக்கும் ஒரு வால்வைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். அதற்குப் போக்கிடம் இல்லையென்றால் பாய்லர் வெடிக்கும். நம் ஊர்ப் பாய்லர் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே அன்று. மேலே புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதே அளவு வெந்நீர் வெளியே தள்ளப்படும், அவ்வளவுதான் அதன் சூத்திரம். குடம் தூக்க முடியாது என்றால், பாய்லருக்குச் சற்று மேலே மிதவை வால்வு வைத்த சிறு தொட்டி ஒன்றை அமையுங்கள். பாய்லரின் உச்சியிலிருந்து ஒரு திறந்த குழாய் அந்தத் தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டி மேலே போகட்டும். அந்தக் குழாயில் எக்காரணம் கொண்டும் வால்வோ மூடியோ வேண்டாம். இணையத்தில் காட்டப்படும் குளிர்நாட்டு விறகு பாய்லர்கள் வீடு முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் வேறு சாதி இயந்திரங்கள். அவற்றின் விலையும் வேலையும் நமக்குப் பொருந்தா.

அளவுக்கு வருவோம். ஆளுக்கு 15 லிட்டர் வாளியில் இரண்டு என்றால் ஆறு பேருக்கு 180 லிட்டர். மார்கழியில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 80 டிகிரி வெந்நீர் ஏறத்தாழ 50 லிட்டர் கலந்தால் போதும். எடுக்க எடுக்க ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள் என்பதால் 30 லிட்டர் பாய்லரே தாராளம். இதற்குக் காய்ந்த விறகு நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை கிலோ ஆகும். இதே வேலையை மின்சார கீசர் நாளொன்றுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேலாக எடுத்துச் செய்யும். அதாவது இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 190 யூனிட். கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவியோ, மேகம் கவிந்த ஐப்பசி கார்த்திகையில், நமக்குத் தேவைப்படும் நாளில்தான் கைவிடும்.

இனி உலோகம். எவர்சில்வரைவிடச் செம்பு இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் மெல்லிய தகட்டில் அந்த வேறுபாடு தண்ணீர் காயும் நேரத்தில் பெரிதாகத் தெரியாது. வெளியே படியும் கரியும் உள்ளே படியும் உப்பும் தடுப்பதுதான் அதிகம். செம்புக்கு நான் ஓட்டுப் போடுவது வேறு காரணத்துக்காக. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. உப்பு நீரைக் கொதிக்க வைத்தால் எவர்சில்வர் தகடு, பெரும்பாலும் பற்றவைத்த இடத்தை ஒட்டி, ஊசித்துளையாகப் பொத்துக்கொள்ளும். மலிவான பாய்லர்கள் 202 ரகத் தகட்டில் வருகின்றன. 304 ரகம் மேல். காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது 304 ஆகிவிடாது, 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜி.ஐ. பாய்லர் வாங்கும்போது மட்டுமே மலிவு. செம்பு ஓட்டையானாலும் அடைத்துக்கொள்ளலாம், கடைசியில் எடைக்குப் போட்டாலும் பணம் வரும்.

புதுச் செம்பு கைக்கு எட்டாது என்றால் பழையதைத் தேடுங்கள்; கும்பகோணம் பாத்திரக்கடைகளிலும் பழைய வீடுகளை இடிக்கும் இடங்களிலும் கிடைக்கிறது. பழையதில் பார்க்க வேண்டியது பளபளப்பை அன்று, தண்ணீருக்கு நடுவே மேலேறும் புகைக்குழலை. நெருப்பு நேரே தின்பது அதைத்தான். அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு ஓடிய கோடு தெரிந்தால் அங்கே கசிவு இருந்திருக்கிறது. பிறகு தண்ணீர் நிரப்பி, உலர்ந்த சாம்பலைப் பரப்பி அதன்மேல் ஓரிரவு நிறுத்துங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காலையில் சாம்பல் காட்டிக்கொடுக்கும். தண்ணீரை வடித்தபின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே உப்பு அடையாகப் படிந்திருக்கிறது. எடைக்கு வாங்குவதாயிருந்தால் அந்த உப்புக்கும் அடியிலுள்ள இரும்புச் சல்லடைக்கும் சேர்த்துச் செம்பு விலை கொடுத்துவிடாதீர்கள். நானே ஒருமுறை கொடுத்திருக்கிறேன். பழைய பாய்லரில் தகடுகளை ஒட்டவைத்த பற்றுகளில் ஈயம் இருக்கும் என்பதால் இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

விறகைப் பொறுத்தவரை உங்களுக்குக் குறையில்லை. ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டையாவது கழிக்கும். 20 மரத்தில் ஆண்டுக்கு 240 மட்டை, அதோடு பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி. ஆனால் மழையில் நனைந்த மட்டை புகையைத்தான் தரும். சித்திரை வைகாசியிலேயே கைக்கனத்துக்குப் பிளந்து காயவைத்துக் கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கழியில் தேங்காய் நாரைக் கட்டிப் புகைக்குழலைத் துடைத்தால் விறகுச் செலவு குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பெற்றோர் குளிக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். குடத்தால் ஊற்றுகிறவர்களானால், கடைசியாகக் குளித்தவர் பாய்லரை நிரப்பிவிட்டுத்தான் வர வேண்டும். தணல் கிடக்கும்போது பாய்லர் வறண்டால், ஈயப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும்.