ஆட்கள் குறைவு, வேலைகள் அதிகம்: கால அட்டவணை பற்றிய வாசகர் கேள்விகள்

திட்டப்பணிகளைப் பொறுப்பேற்று நடத்தும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், போதிய ஆட்களும் கருவிகளும் இல்லாத நிலையில் வேலைகளுக்கு நாள் குறிப்பது எப்படி என்று கேட்டவற்றை மட்டும் இம்முறை தேர்ந்தெடுத்திருக்கிறோம். நீளமான சில கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: அலுவலகத்தின் பழைய பதிவேடுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. கணினியில் கேன்ட் சார்ட் (ஒவ்வொரு பணியும் எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் படம்) வரைந்தபோது 11 நாட்களில் வேலை முடியும் என்று காட்டியது. என்னிடம் உள்ளவர்கள் மூன்று பேர். மூவரும் எல்லா வேலையும் தெரிந்தவர்கள். இருந்தும் தொடங்கிய இரண்டாம் நாளே அட்டவணை குலைந்துவிட்டது. பணிகளின் பட்டியலை இணைத்துள்ளேன். எங்கே பிசகினேன்?

பதில்: தங்கள் பட்டியலை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவேடுகளைச் சரிபார்க்க இரண்டு பேருக்கு 4 நாட்கள். மென்பொருளை நிறுவ ஒருவருக்கு 3 நாட்கள். பயிற்சிக் கையேடு எழுத ஒருவருக்கு 5 நாட்கள். சரிபார்ப்பும் நிறுவுதலும் முடிந்த பிறகு, பதிவுகளை ஏற்ற இரண்டு பேருக்கு 5 நாட்கள். நிறுவுதலும் கையேடும் முடிந்த பிறகு, பயிற்சி அளிக்க ஒருவருக்கு 2 நாட்கள். எல்லாம் முடிந்த பிறகு, சோதனை ஓட்டத்துக்கு இரண்டு பேருக்கு 2 நாட்கள்.

சரிபார்ப்பு, பதிவேற்றம், சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் சங்கிலிதான் இதில் மிக நீளமானது. கிரிட்டிக்கல் பாத் என்று சொல்லப்படும் நெருக்கடிப் பாதை இதுவே. நான்கும் ஐந்தும் இரண்டும் சேர்ந்து 11 நாட்கள் என்ற கணக்கு சரிதான். ஆனால் முதல் மூன்று நாட்களில் சரிபார்ப்புக்கு இரண்டு பேர், நிறுவுவதற்கு ஒருவர், கையேட்டுக்கு ஒருவர் என்று நான்கு பேர் தேவைப்படுகிறார்கள் என்பதைத் தாங்கள் வரைந்த படம் பார்க்கவில்லை. 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் நெருக்கடிப் பாதை முறையை உருவாக்கியபோது, எது முடிந்த பின் எது தொடங்க வேண்டும் என்ற உறவையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலத்தையுமே முதன்மையாகக் கணக்கில் கொண்டார்கள். ஆட்களின் வரம்பைச் சேர்த்துக் கணக்கிடும் வழிகளைப் பற்றிக் கெல்லியே பிறகு 1963-இல் எழுதினார். ஆகவே ஆள்வரம்பைக் குறிக்காமல் கணினி தரும் முடிவு நாள் என்பது, அதற்கு முன்னதாக முடியவே முடியாது என்ற எல்லையைத்தான் சொல்கிறது. அதை வாக்குறுதியாக மேலிடத்தில் சொல்லிவிடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது மூன்று பேரை வைத்துக்கொண்டு வரிசை போடுவோம். முதல் நாளில் மூன்று பணிகள் ஆட்களைக் கேட்கின்றன. ஒன்று காத்திருக்க வேண்டும். எது என்பதற்கு, ஒவ்வொரு பணியும் இறுதி நாளைப் பாதிக்காமல் எத்தனை நாள் தள்ளிப்போகலாம் என்ற தளர்வைப் பார்க்க வேண்டும். சரிபார்ப்புக்குத் தளர்வே இல்லை. நிறுவுதலுக்கு ஒரு நாள். கையேட்டுக்கு இரண்டு நாட்கள். தளர்வு குறைந்தவற்றுக்கு முதலில் ஆளைக் கொடுத்து, கையேட்டை நான்காம் நாள் தொடங்கினால், எட்டாம் நாள் மாலை கையேடு முடியும். ஒன்பதாம், பத்தாம் நாட்களில் பயிற்சி. அடுத்த இரண்டு நாட்கள் சோதனை. மொத்தம் 12 நாட்கள். மாறாக, எழுதுகிறவர் ஆர்வமாக இருக்கிறார் என்பதற்காகக் கையேட்டை முதல் நாளே தொடங்கி நிறுவுதலைத் தள்ளி வைத்தால், நிறுவுதல் ஏழாம் நாள்தான் முடியும். அதுவரை பதிவேற்றம் தொடங்காது. எல்லாம் முடிய 14 நாட்கள் ஆகும். அதே மூன்று பேர், அதே வேலைகள். முதல் நாள் காலையில் எடுத்த ஒரு முடிவால் இரண்டு நாட்கள் கூடிவிட்டன.

மூன்று பேரை வைத்து 11 நாட்களில் முடிக்க வழியே இல்லை என்பதையும் எளிதாகக் காட்டலாம். நெருக்கடிப் பாதை முதல் ஒன்பது நாட்களுக்கு இரண்டு பேரை முழுமையாகப் பிடித்துக்கொள்கிறது. மீதமிருக்கும் ஒருவர் நிறுவுதல், கையேடு, பயிற்சி ஆகிய மூன்றையும் முடிக்க 10 நாட்கள் ஆகும். அதன் பிறகே இரண்டு நாள் சோதனை. எனவே 12 என்பதே ஆகக் குறைந்தது. இந்த ஒரு பத்தியை மேலாளரிடம் காட்டினால், ‘இன்னும் கொஞ்சம் முயன்றால் முடியாதா’ என்ற கேள்வி எழாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலையை ஓர் ஆள்நாள் என்று கொண்டால், மொத்த வேலை 32 ஆள்நாட்கள். ஒருவர் விடுப்பில் போய் இருவர் மட்டும் இருந்தால், 32-ஐ இரண்டால் வகுத்து 16 நாட்கள் என்று சொல்லத் தோன்றும். வரிசை போட்டுப் பார்த்தால் 18 நாட்கள் ஆகும்; ஏனென்றால் கையேடும் அதன் பின் பயிற்சியும் ஒருவரிடம் ஏழு நாட்கள் ஓடும்போது, மற்றவர் மூன்று நாட்களில் நிறுவுதலை முடித்துவிட்டு, இரண்டு பேர் தேவைப்படும் எந்தப் பணியையும் தனியாகத் தொடங்க முடியாமல் நான்கு நாட்கள் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. ஆள்நாட்களைத் தலைக்கணக்கால் வகுத்து முடிவு நாள் சொல்லும் பழக்கத்தை இக்காரணத்தாலேயே நான் நம்புவதில்லை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் தரவுத்தள நிபுணர் ஒருவரே இருக்கிறார். இரண்டு திட்டங்களுக்கும் அவரே வேண்டும். இரண்டு மேலாளர்களும் தங்கள் வேலைதான் அவசரம் என்கிறார்கள். பாதிப் பாதி நேரம் ஒதுக்கலாமா?

பதில்: பார்க்க நியாயமாகத் தோன்றும் இந்தப் பங்கீடு, பெரும்பாலும் இருவருக்கும் நன்மை செய்வதில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் அவருக்கு 10 நாள் வேலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றிச் செய்தால், முதல் திட்டம் 19-ஆம் நாளும் இரண்டாவது 20-ஆம் நாளும் முடியும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கினால், முதல் திட்டம் 10-ஆம் நாளே முடியும். இரண்டாவது திட்டத்துக்கு அப்போதும் அதே 20-ஆம் நாள்தான். அதாவது பங்கீட்டால் யாருக்கும் ஒரு நாளும் மிச்சமாகவில்லை. ஒருவருக்கு மட்டும் ஒன்பது நாட்கள் இழப்பு. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க அவருக்கு ஆகும் நேரத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

எதை முதலில் செய்வது என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. ஒருவரே பல வேலைகளை அடுத்தடுத்துச் செய்யும்போது, ஒவ்வொரு வேலையின் முக்கியத்துவத்தையும் எண்ணால் குறித்து, அதற்கு ஆகும் நாட்களால் வகுத்து, ஈவு பெரியதாக உள்ளதை முதலில் எடுத்துக்கொண்டால், தாமதத்தால் வரும் மொத்த இழப்பு மிகக் குறைவாக இருக்கும் என்று 1956-இல் வெய்ன் ஸ்மித் நிறுவினார். சிறிய வேலையை முதலில் முடித்துவிடு என்று அனுபவசாலிகள் சொல்வது இதன் ஒரு பகுதிதான். கெடு நாள் தவறினால் ஒப்பந்தமே போய்விடும் என்ற நிலையில் உள்ள வேலைகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றைக் கெடுவை வைத்தே வரிசைப்படுத்த வேண்டும்.

முக்கியத்துவத்துக்கு எண் போடுவது யார் என்பதே தங்கள் அலுவலகத்தின் உண்மையான சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மேலாளர்களும் அதைச் செய்ய முடியாது. அந்த நிபுணரிடம் விடவும் கூடாது. இருவருக்கும் மேலே உள்ள ஒருவர் முடிவு செய்து எழுத்தில் தர வேண்டும். பிறகு அந்த நிபுணரின் நாட்காட்டியை முதலில் நிரப்பி, அதைச் சுற்றி இரண்டு திட்டங்களின் மற்ற பணிகளையும் அமைக்க வேண்டும். அரிதான ஆளின் நாட்களை மற்றவர்களின் வசதிக்கேற்ப வளைப்பது தலைகீழான வேலை.

கேள்வி: மென்பொருளில் ‘லெவலிங்’ என்ற பொத்தானை அழுத்தினால் ஆள்வரம்புக்குள் அட்டவணை தானாக அமைந்துவிடுகிறது. அதை அப்படியே ஏற்கலாமா?

பதில்: தொடக்கமாக ஏற்கலாம். ஆள்வரம்போடு மிகக் குறைந்த காலத்தைக் கண்டுபிடிக்கும் இக்கணக்கு கடினமான வகையைச் சேர்ந்தது என்று 1983-இல் நிறுவப்பட்டுவிட்டது; பணிகளின் எண்ணிக்கை கூடக் கூட, எல்லா வரிசைகளையும் சோதித்து ஆகச் சிறந்ததைத் தேர்வது நடைமுறையில் இயலாமற்போகும். பரவலாகப் புழங்கும் மென்பொருள்கள் தளர்வு, முன்னுரிமை எண் போன்ற சில விதிகளைக் கொண்டு ஏற்கத்தக்க ஓர் அட்டவணையைத் தருகின்றன. முன்னுரிமையை நிரப்பாமல் விட்டிருந்தால், மென்பொருளின் பார்வையில் எல்லாப் பணிகளும் ஒன்றுக்கொன்று சமமாகவே இருக்கும். லெவலிங் செய்வதற்கு முன் அட்டவணையின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பணி நகர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து, நகரக் கூடாதது நகர்ந்திருந்தால் முன்னுரிமையைத் திருத்தி மீண்டும் ஓடவிடுங்கள்.

கேள்வி: திட்டம் மூன்று வாரம் பின்தங்கிவிட்டது. கடைசி மாதத்தில் நான்கு பேரைக் கூடுதலாகத் தருவதாக மேலிடம் சொல்கிறது. மகிழ்வதா, கவலைப்படுவதா?

பதில்: வேலையைப் பொறுத்தது. தங்கள் கடிதத்தில் இரண்டு வகை வேலைகள் மீதமிருப்பதாகத் தெரிகிறது. படிவங்களைப் பதிவு செய்வது போல, துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய, அரை நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு ஆட்களைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். நிரலில் உள்ள பிழைகளைத் திருத்தும் வேலைக்கு வேண்டாம் என்பேன். ஐபிஎம் நிறுவனத்தின் பெரும் மென்பொருள் திட்டமொன்றை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், பின்தங்கிய மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் பின்தங்கும் என்று 1975-இல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், இப்போது வேலையை இழுத்துச் செல்பவர்களேதான். ஆறு பேர் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 15. அதுவே பத்துப் பேர் ஆனால் 45.

நான்கு பேர் வேண்டாம் என்று சொல்வது மேலிடத்தில் எடுபடாது என்றால், கேட்பதை மாற்றிக் கேளுங்கள். இப்போதுள்ள குழுவின் தலையில் இருக்கும் அறிக்கைகள், பழைய வாடிக்கையாளர்களின் அழைப்புகள் முதலியவற்றை அந்த நால்வர் ஏற்றுக்கொண்டால், தங்கள் ஆட்களின் நேரம் திட்டத்துக்குத் திரும்பி வரும். பலமுறை இதுவே கூடுதல் ஆட்களின் மிகச் சிறந்த பயன்.

கேள்வி: என் குழுவில் ஒருவருக்கு எட்டு மணி நேரம் என்றே கணக்கிடுகிறேன். எல்லோரும் உழைக்கிறார்கள், ஆனாலும் எல்லாமே தாமதமாகிறது. ஏன்?

பதில்: கூட்டங்கள், மின்னஞ்சல்கள், இடையில் வரும் அவசரக் கோரிக்கைகள் ஆகியவற்றைக் கழித்தால், திட்டத்துக்கென மிஞ்சுவது எட்டு மணி நேரம் அல்ல. தங்கள் குழுவினர் இரண்டு வாரம் உண்மையில் செலவிட்ட மணிகளைக் குறித்து வாருங்கள். வரும் சராசரியை அட்டவணையில் இடுங்கள்.

அதைவிட ஆழமான காரணமும் உண்டு. வேலைகள் ஒழுங்கின்றி வந்து சேரும்போது, ஒருவர் எவ்வளவு நிரம்பியிருக்கிறாரோ அதற்கேற்ப அவரிடம் காத்திருக்கும் காலம் நேர்விகிதத்தில் கூடாமல் திடீரென உயரும். காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்கின்படி, அவர் பாதி நேரம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலைக்கு ஆகும் காலமே காத்திருக்கும். 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் நான்கு மடங்கு. 90 விழுக்காடானால் ஒன்பது மடங்கு. ஆளைச் சும்மா விடக் கூடாது என்று நூறு விழுக்காடு நிரப்புகிற மேலாளர், ஆளுக்குப் பதிலாக வேலைகளைக் காத்திருக்க வைக்கிறார். பலரும் நாடி வருகிற ஆட்களுக்கு மட்டுமாவது நாளில் ஒரு பகுதியை ஒதுக்காமல் விடுங்கள்.

கேள்வி: மேலாளர்கள்தான் உங்களுக்கு எழுதுவார்களா? நான் வேலை செய்கிறவள். மூன்று திட்டங்களின் அட்டவணையிலும் அடுத்த திங்கட்கிழமை என் பெயர் இருக்கிறது. யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ‘முடியாது’ என்ற சொல்லே தேவையில்லை. ஒரு தாளில் அடுத்த மூன்று வாரங்களின் வேலை நாட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு திட்டமும் தங்களிடம் எதிர்பார்க்கும் வேலையையும் அதற்கு ஆகும் நாட்களையும் அவற்றின்மீது குறியுங்கள். ஒரே நாளில் மூன்று பெயர்கள் வந்து விழும் இடங்களை வட்டமிடுங்கள். பிறகு தங்களுக்குச் சரியென்று படும் ஒரு வரிசையைத் தாங்களே போட்டு, அதன்படி எந்தத் திட்டத்துக்கு எந்த நாளில் வேலை கிடைக்கும் என்று கீழே எழுதி, மூன்று மேலாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில், ஒருவருக்கு அனுப்பியது மற்றவர்களுக்கும் தெரியும்படி அனுப்புங்கள். ‘ஐயா, மூன்று பணிகளும் ஒரே நாளில் தொடங்குவதாக உள்ளதால், இந்த வரிசையில் செய்ய எண்ணியுள்ளேன்; மாற்றம் வேண்டுமானால் தாங்கள் மூவரும் பேசி வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவில் கடிதம் இருந்தால் போதும்.

தனித்தனியாகச் சென்று கேட்டால், ஒவ்வொருவரும் தமது வேலையை முதலில் செய்யும்படிதான் சொல்வார்கள்; சச்சரவு தங்கள் மேசையிலேயே தங்கிவிடும். பதிலே வராவிட்டால், திங்கட்கிழமை காலை தாங்கள் எழுதிய வரிசைப்படியே தொடங்குங்கள். அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.