கேள்வி-பதில்: ஸ்லாட்டில் கார்டு இருக்கிறது, கணினிக்குத் தெரியவில்லை

கிராபிக்ஸ் கார்டு, அதாவது கணினித் திரைக்கான படத்தை உருவாக்கும் அட்டை, பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. மிக்சி, குக்கர் வாசகர்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளையும் நீக்கியிருக்கிறேன், அவற்றில் சில நியாயமானவைதான் என்றாலும்.

கேள்வி: புதிய கார்டைப் பொருத்தினேன். அதன் விசிறி சுற்றுகிறது, ஆனால் மானிட்டரில் சிக்னல் இல்லை என்று வருகிறது. வேறு எதையும் நான் தொடவில்லை. மானிட்டர் கேபிள்கூட முன்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: கேபிளை மதர்போர்டிலிருந்து, அதாவது எல்லாப் பாகங்களும் அமரும் தாய்ப் பலகையிலிருந்து, உருவிக் கார்டில் செருகுங்கள், தம்பி. படம் இனிக் கார்டிலிருந்துதான் வரும்.

கேள்வி: கார்டு சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. கேபினட்டோடு வந்த 500 வாட் பவர் சப்ளை. கார்டுக்கான கனெக்டர் அதில் இல்லாததால் கடையில் ஒரு மாற்று வயர் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அதே கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மாற்றாதீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்த மாற்று வயர்மேல்தான், அடுத்தது அந்த 500 என்ற எண்ணின்மேல்.

ஸ்லாட், அதாவது மதர்போர்டில் கார்டு அமரும் துளை, வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டின் தலையில் தனி மின் இணைப்பு இருக்கும். 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். பழைய ஹார்டு டிஸ்க்குக்காக வைத்த மெல்லிய வயரில் ஒரு மாற்றுத் தலையைப் பொருத்தி 150 வாட்டை இழுக்கச் சொன்னால் வயர் சூடாகும், மின்னழுத்தம் தடுமாறும், கார்டு வராமல் போகும். வயர் உருகிய படங்களும் எனக்கு வருகின்றன.

இனி என் பழைய புலம்பல். கேபினட்டோடு 'இலவசமாக' வரும் பவர் சப்ளையைப் போல நம் கடைகளில் பொய் பேசும் பொருள் வேறு கிடையாது. அதன் பக்கவாட்டில் ஒரு லேபிள் இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். கீழே போட்டிருக்கும் ஆம்பியரை 12 ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். பிராசசரும் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 500-ல் உங்களுக்கு உதவுவது இந்த 192 மட்டுமே. மற்றதெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கு, அல்லது ஒரு நொடிக்குத் தாங்கும் உச்சக் கணக்கு, அல்லது வெறும் அச்சு மை. சில பெட்டிகளில் இந்தக் கட்டமே இருக்காது. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

நாம் கேட்பதும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவு உண்டா, எத்தனை வண்ண விளக்கு எரியும் என்று கேட்கிறோம். கணினி முழுவதற்கும் சோறு போடும் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. என் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு கேபினட் கிடக்கிறது. விளக்குகள் இன்றும் எரியும். அதன் பவர் சப்ளை போன அன்று ஹார்டு டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: கடையில் இருக்கும் நல்ல பவர் சப்ளை ஒன்றை உங்கள் கணினியில் மாட்டி உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கார்டை வேறு கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமலே மதர்போர்டு போய்விட்டது என்பவருக்கு உங்கள் பழுதில் அக்கறை இல்லை, அலமாரியில் இருக்கும் போர்டு விற்க வேண்டும். புதிய பவர் சப்ளை வாங்கினால் கார்டுக்கான கனெக்டர் அதன் சொந்த வயரிலேயே இருக்க வேண்டும். வேறொரு பவர் சப்ளையோடு வந்த, கழற்றி மாட்டும் வயர் துளைக்குள் பொருந்துகிறதே என்று அதை மாட்டிவிடாதீர்கள். பவர் சப்ளைப் பக்கம் செருகும் முனையில் பின்கள் (ஊசிகள்) அமைந்த வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கார்டு மட்டுமல்ல, மற்றவையும் கருகிவிடும்.

கேள்வி: காற்றோட்டத்துக்காகக் கார்டைக் கீழ் ஸ்லாட்டில் வைத்திருந்தேன். இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் செருகும் சேமிப்பு அட்டை) பொருத்தியதும் கார்டு காணாமல் போய்விட்டது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடமும் கீழ் ஸ்லாட்டும் ஒரே தரவுப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று நிரம்பினால் மற்றது அணைந்துவிடும். போர்டோடு வந்த கையேட்டில் இது எழுதியிருக்கும், அதை இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பீர்கள். கார்டை மேல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். வேகமான இடமும் அதுதான்.

கேள்வி: மகனுக்காகப் பழைய அலுவலகக் கணினி ஒன்றை, 2012-ல் வந்த சிறிய மாடல், 8,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு தள்ளுபடியில் 23,000 ரூபாய்க்குப் புதிய கார்டு. போட்டால் பீப் அடித்து நின்றுவிடுகிறது. மூடியும் மூடவில்லை. கார்டு பழுது என்று புகார் கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கார்டு பழுது இல்லை. 23,000 ரூபாய் செலவழித்தவர் பத்து ரூபாய்க்கு ஓர் அளவுகோல் வாங்கியிருக்கலாம். அந்த வகைச் சிறிய பெட்டிகளுக்கு அரை உயரக் கார்டுதான் பொருந்தும். பவர் சப்ளையும் அந்தக் கம்பெனியின் தனி அளவு. கார்டுக்கான கனெக்டர் அதில் பெரும்பாலும் இருக்காது. போதாததற்கு, பழைய பாணி பயாஸ், அதாவது கணினியை முதலில் எழுப்பும் உள் மென்பொருள், பல நேரங்களில் புதிய கார்டை எழுப்பாது. கம்பெனி தளத்தில் பயாஸ் அப்டேட் இருந்தால் போட்டு, யுஇஎஃப்ஐ என்ற புதிய பாணி முறைக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் மூடியை எந்த அப்டேட்டும் மூடாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அந்தக் கணினியில் 75 வாட்டுக்குள் ஓடும் அரை உயரக் கார்டுகளை, 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்றவற்றை, மட்டும் யோசியுங்கள். அதற்கும் பவர் சப்ளை லேபிளைப் பார்த்த பிறகு.

கேள்வி: அந்த 1050 டிஐ-யைத்தான் இணையத்தில் ஒரு கடையில் புதியது என்று 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏற மறுக்கிறது. சில நேரம் கார்டே தெரிவதில்லை. பழைய மானிட்டர்களுக்கான விஜிஏ துளை இருக்கிறது, பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை. உங்களுக்கு டிரைவர் போடத் தெரியவில்லை என்கிறார்கள். (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அம்மா. ஏமாற்றியவர்கள்தான் உங்களைத் தெரியாதவராக்கப் பார்க்கிறார்கள். 2010, 2011-ல் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸைத் திருத்தி 1050 டிஐ என்று பொய்ப் பெயர் சொல்ல வைத்து விற்பது பழைய மோசடி. 1050 டிஐ சேர்ந்த 10 வரிசைச் சிப்புகளிலிருந்தே, விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டை அவற்றைச் செய்யும் என்விடியா எடுத்துவிட்டது. அதனால் விஜிஏ துளை கண்ணில் பட்டாலே சந்தேகப்பட வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். இத்தகைய போலிகளை அது 2018 முதல் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டுகிறது. அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். இதே தந்திரத்தில் நான் வாங்கிய 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று உண்டு. அதில் 8 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று.

இனிக் கடையோடு தொலைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் மட்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கார்டையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் பி106-100 என்ற கார்டை 4,000 ரூபாய் ரொக்கத்துக்கு வாங்கினேன். பில் இல்லை. மானிட்டர் செருக இடமே இல்லை. (வாசகர், சேலம்)

பதில்: கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காகவே (கணக்குப் போட்டு ஈட்டுவதற்காகவே) செய்த கார்டு அது, மானிட்டருக்கான துளை வைக்காமல்தான் செய்தார்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டுகளைக் கைவிட்ட பிறகு பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. மதர்போர்டின் மானிட்டர் துளை வழியாகப் படத்தை வரவழைத்து அதை ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் நீங்கள் படப்போகும் பாடு 4,000 ரூபாயைத் தாண்டும். தனிநபரிடம் பில் இல்லாமல் வாங்கியதற்கு ஆணையம் வராது. பணம் கொடுப்பதற்கு முன் கார்டைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: கடையில் பிராசசர் மாற்றிய பிறகு மேல் ஸ்லாட்டில் கார்டு தெரியவில்லை, கீழ் ஸ்லாட்டில் தெரிகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: மேல் ஸ்லாட் நேராகப் பிராசசரோடு பேசுகிறது. பிராசசர் அமரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால் போதும், அந்தப் பேச்சு அறுந்துவிடும். அதே கடையில், அவர்கள் முன்னால் திறக்கச் சொல்லிப் படம் எடுங்கள். படம் இல்லாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால், வளைந்த பின்னைக் காட்டி வாரண்டி கிடையாது என்பார்கள். பழி உங்கள் தலையில் விழும்.

கேள்வி: கார்டின் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஆவது உண்டு. மின்சாரத்தை அணைத்து, கார்டைக் கழற்றி, மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்பப் பொருத்தும்போது ஸ்லாட்டின் கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். சாம்பல் போட்டுத் தேய்த்ததாக வேறொருவர் எழுதியிருந்தார், அந்தக் கடிதத்தை நான் வெளியிடவில்லை.