கொலம்பஸும் குக்கும் இன்றைய தராசில்: கேள்வி பதில்

கேள்வி: 500 வருடத்துக்கு முந்தைய ஆட்களை இன்றைய நியாயத்தை வைத்து எடை போடலாமா?

பதில்: அன்றைய நியாயமே போதும். 1500-ல் ஸ்பெயின் அரசு அனுப்பிய போபதில்யா, கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் ஆளுநர் கொலம்பஸைக் கைது செய்து, விலங்கு பூட்டி ஊருக்கு அனுப்பினார். (அதில் ஸ்பானியக் குடியேறிகளின் புகார்கள்தான் அதிகம், அதையும் மறைக்க வேண்டாம்.) 1511 டிசம்பரில் அதே தீவில் மொந்தேசினோஸ் என்ற பாதிரியார், தீவின் பூர்வகுடிகளான தாயினோ மக்களைச் சுரங்கத்தில் வாட்டியவர்களின் முகத்துக்கு நேராகவே 'இவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கொலம்பஸின் மகன் தியேகோவும் இருந்தார், அப்போது அவர்தான் ஆளுநர். யாரும் திருந்தவில்லை, அரசரிடம் புகார்தான் போனது. ஆக, தப்பு என்று தெரியாமல் செய்தார்கள் என்ற பேச்சு எடுபடாது.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே?

பதில்: அந்த 'எல்லோரில்' தாயினோக்களைச் சேர்த்தீர்களா? 1495-ல் கொலம்பஸ் சுமார் 500 பேரை விற்பதற்காக ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஏறக்குறைய 200 பேர் கடலிலேயே செத்தார்கள். அது அநியாயமா என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். அவர்களும் அதே காலத்து மனிதர்கள்.

கேள்வி: பெரும்பாலோரை நோய்தானே கொன்றது?

பதில்: பெரியம்மை அந்தத் தீவுக்கு வந்தது 1518 கடைசியில். மக்கள்தொகை அதற்கு முன்பே சரிந்துவிட்டது. அதோடு, சுரங்கத்தில் பட்டினியாகக் கிடப்பவன் காய்ச்சலிலிருந்து எப்படி எழுவான்? நோயையும் வேலையையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: மெக்சிகோவின் ஆஸ்டெக்குகள் நரபலி கொடுத்தார்களே?

பதில்: கொடுத்தார்கள். தாயினோக்கள் ஆஸ்டெக்குகள் இல்லை.

கேள்வி: ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்?

பதில்: 1768-ல் பசிபிக் பயணத்துக்குக் கிளம்பும் முன், லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் மார்ட்டன் பிரபு அவருக்கு ஒரு குறிப்பு கொடுத்தார். பூர்வகுடிகளே நிலத்தின் உரிமையாளர்கள், அவர்கள் சம்மதமின்றி எந்த ஐரோப்பிய நாடும் அதைப் பிடிக்க உரிமையில்லை என்பது அதன் சாரம். 1770-ல் ஆஸ்திரேலியாவின் பாட்டனி பேயில், கரையேறுவதைத் தடுத்த இரண்டு பேர் மீது குக் துப்பாக்கியால் சுட்டார். அதே ஆண்டு கிழக்குக் கரையை மன்னர் பெயரில் எடுத்துக்கொண்டார். அளவுகோல் கையிலேயே இருந்தது.

கேள்வி: காலச் சூழலைப் பார்க்க வேண்டாமா?

பதில்: முதல் பதிலையே திரும்பப் படியுங்கள்.

கேள்வி: பூர்வகுடிகளுக்காகப் பேசிய ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ்தானே ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரச் சொன்னார்?

பதில்: ஆமாம், அது அவர் மேல் உள்ள கறை. பிற்பாடு தன் வரலாற்று நூலில் அதற்காக வருந்தியும் எழுதினார்.

கேள்வி: அப்படிப்பட்டவரின் சாட்சியத்தை எப்படி நம்புவது?

பதில்: எண்ணிக்கைகளை நம்பாதீர்கள். ஹிஸ்பானியோலாவில் 30 லட்சம் பேர் இருந்தார்கள் என்று அவர் எழுதியதை இன்று பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. சம்பவங்கள் வேறு. அவரே தாயினோ உழைப்பில் பிழைத்தவர், அதைக் கைவிட்டவர், உள்ளிருந்து பார்த்தவர்.

கேள்வி: ஆனாலும் அவரும் வெள்ளைக்காரர்தானே?

பதில்: போபதில்யாவும் மொந்தேசினோசும்கூட. அதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! லாஸ் காசாஸ் பற்றி இதோடு போதும்.

கேள்வி: சிலைகளை இடிக்கலாமா?

பதில்: சிலை எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.