எவரெஸ்டை விட உயரம் குறைந்த கே2 ஏன் கூடக் கஷ்டம்? மட்டக்களப்பிலிருந்து போய்ப் பார்க்கவாவது முடியுமா?

ஏறுவதை விடுங்கள், பார்ப்பது முடியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எவரெஸ்டை விட 238 மீற்றர்தான் குறைவு, சரி. ஆனால் கஷ்டம் உயரத்தில் இல்லை, ஆபத்தான இடம் எங்கே வருகிறது என்பதில் இருக்கிறது. எவரெஸ்டில் நேபாளப் பக்கமாக ஏறினால், ஆளை விழுங்கும் கும்பு பனியருவி (பிளந்து பிளந்து நகரும் பனிச்சரிவு) அடிவார முகாமைத் தாண்டியவுடனேயே வந்துவிடும். அப்போது உடம்பில் தெம்பு இருக்கும். கே2-வில் அப்படியான இடம் 8,200 மீற்றருக்கு மேலே, உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஏறும்போது ஒருமுறை, களைத்து இறங்கும்போது இன்னொருமுறை அதைக் கடக்கவேண்டும்.

மலை பாகிஸ்தான் - சீன எல்லையில், கராகோரம் தொடரில் இருக்கிறது. உயரம் 8,611 மீற்றர். 1856இல் நில அளவையாளர் மொன்ட்கொமரி காஷ்மீரின் ஹரமுக் மலையில் நின்று 200 கிலோமீற்றருக்கு அப்பால் இதைக் கண்டு குறித்தார். மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். இத்தனை உயரமான மலை, பக்கத்து ஊரான அஸ்கோலேயிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. எவரெஸ்டுக்கு எட்டுப் பாகை வடக்கே கிடப்பதால் குளிரும் காற்றும் கூட. ஏறும் காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, நமக்கு இங்கே கச்சான் வீசுகிற மாதங்கள்.

வழக்கமான பாதை தென்கிழக்கு முகடு. 1909இல் இத்தாலியின் அப்ருஸ்ஸி கோமகன் முயன்று திரும்பியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சுமார் 6,600 மீற்றரில் 'ஹவுஸ் சிம்னி' என்ற பாறை வெடிப்பு வரும். கிட்டத்தட்ட 30 மீற்றர். 1938இல் பில் ஹவுஸ் அதற்குள் நுழைந்து ஏறினார். இன்று அங்கே கயிறுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. சிக்கலும் அதுதான். வெயிலில் வெளுத்து, கல்லில் உரசி நைந்த பழைய கயிறும் இந்த வருடத்துக் கயிறும் ஒன்றாகக் கிடக்கும். எது புதியது என்று மேலே கட்டிய இடம் வரை கண்ணால் தொடர்ந்து பார்க்காமல், உங்களைக் கயிற்றோடு பிணைக்கும் கொளுவியை மாட்டக்கூடாது. அதன்பின் 'கறுப்புப் பிரமிட்' என்ற செங்குத்துப் பாறை, அடுத்து 'தோள்' என்ற பனிச்சரிவு.

தோளுக்கு மேலேதான் 'போட்டில்நெக்'. ஒடுங்கிய, 50 பாகைக்கு மேல் சரிந்த பனி ஓடை. தலைக்கு மேலே பெரிய பனிக்கட்டிச் சுவர் தொங்கும். ஓடையில் ஏறி, சுவருக்கு அடியால் இடப்பக்கம் குறுக்காக நகரவேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம், முன்னே ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள். 2008 ஓகஸ்ட் 1இல் நடந்தது இதுதான். கயிற்றைத் தேவையில்லாத கீழ்ப்பகுதியிலேயே கட்டிவிட்டதால் மேலே பற்றாமல் போய், கீழே கிடந்ததைக் கழற்றிக் கொண்டுவரவேண்டி வந்தது. பலர் உச்சியைத் தொடும்போது மாலையாகிவிட்டது. இருட்டில் சுவர் உடைந்து விழுந்து கயிறுகளை அறுத்துக்கொண்டு போனது. மொத்தம் 11 பேர் இறந்தார்கள். அந்த இருட்டில் சிரிங் டோர்ஜே ஷெர்பா, பனிக்கோடரி இல்லாமல் நின்ற பசாங் லாமாவைத் தன் இடுப்புக் கச்சையோடு பிணைத்து, ஒரே கோடரியால் இருவரையும் இறக்கினார். கே2-வில் யார் உச்சிக்குப் போனார் என்பதை விட இப்படியான இறக்கங்கள்தான் பேசப்படவேண்டியவை.

முதல் ஏற்றம் 1954 ஜூலை 31, இத்தாலியர் லாசெடெல்லியும் கொம்பன்யோனியும். முதல்நாள் அவர்களுக்கு ஒட்சிசன் சிலிண்டர் சுமந்து சென்ற பொனாட்டியும் வட பாகிஸ்தானின் ஹுன்ஸாக்காரர் அமிர் மஹ்தியும், முகாம் சொன்ன இடத்தில் இல்லாததால் 8,100 மீற்றரில் கூடாரமின்றி இரவைக் கழித்தார்கள். மஹ்தியின் கால்விரல்கள் போயின. இரண்டாவது ஏற்றத்துக்கு 1977 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. குளிர்காலத்தில் முதன்முதலில் ஏறியவர்கள் பத்து நேபாளியர், 2021 ஜனவரி 16. எட்டாயிரம் மீற்றர் மலைகள் 14இலும் குளிர்காலத்தில் கடைசியாக ஏறப்பட்டது இதுதான்.

இனிப் பார்ப்பது. இஸ்லாமாபாத்திலிருந்து விமானத்தில் ஸ்கர்டு, அங்கிருந்து ஜீப்பில் அஸ்கோலே (சுமார் 3,000 மீற்றர்). பிறகு நடை: ஜோலா, பையு, உர்டுகாஸ், கோரோ 2, கொன்கோர்டியா. ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பகுதி பல்தோரோ பனியாற்றின் மேல். கே2 கண்முன்னே தெரியும் இடமான கொன்கோர்டியா சுமார் 4,600 மீற்றர். பிதுருதலாகலையே 2,524தான் என்பதால், கடல்மட்டத்தில் வாழும் நம் உடம்புக்கு இது லேசான உயரமில்லை. 3,000க்கு மேலே படுக்கும் இடத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள், பையுவில் ஒருநாள் தங்குங்கள். தலையிடி வந்தால் ஏறாமல் நில்லுங்கள். நடை தள்ளாடினால் இரவென்றும் பாராமல் இறங்குங்கள். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை பற்றிப் புறப்படமுன் வைத்தியரிடம் கேளுங்கள், சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியாற்றில் நடந்தால் கண் எரிந்து நீர் வடியும், பார்க்கப் போனதையே பார்க்கமுடியாது.

அனுமதிப் பத்திரமும் பதிவுபெற்ற வழிகாட்டியும் கட்டாயம். தனியாகப் போகமுடியாது. ஸ்கர்டு விமானம் முகில் மூடினால் ரத்தாகும். ஆகவே கொழும்புக்குத் திரும்பும் டிக்கெட்டை மூன்று நாளாவது தள்ளிப் போடுங்கள்.