பென்னி லெனர்ட் இருவர் அல்லர், ஒருவரே

வணக்கம் நண்பரே. 1925இல் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தோடு ஓய்வு பெற்ற வீரர் பென்னி லெனர்டும், 1932இல் ஆறாவது சுற்றில் தோற்ற பென்னி லெனர்டும் ஒருவர்தானா, கட்டுரையில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம், ஒரே ஆள்தான்.

1896இல் நியூயார்க்கில் பிறந்த யூதர். இயற்பெயர் பெஞ்சமின் லைனர். அந்தப் பெயரை எங்காவது கண்டால் குழம்பிவிடாதீர்கள். 1917இல் அப்போதைய சாம்பியன் ஃபிரெடி வெல்ஷை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்தி லைட்வெயிட் (இலகு எடைப் பிரிவு) பட்டத்தைக் கைப்பற்றினார். ஏழரை ஆண்டுகள் அதை யாராலும் பறிக்க முடியவில்லை. படிய வாரிய தலைமுடி சண்டை முடியும்வரை கலையாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அவ்வளவு நேர்த்தியான தற்காப்பு! அம்மா கேட்டுக்கொண்டதால் 1925 ஜனவரியில் விலகினார்.

1929 பங்குச்சந்தைச் சரிவு சேமிப்பைக் கரைத்துவிட்டது. 1931இல், 35 வயதில், முடி உதிர்ந்து உடல் பருத்த நிலையில் மீண்டும் மேடையேறினார். மறு ஆண்டு ஜிம்மி மெக்லார்னினிடம் தோற்றதோடு சரி. அந்தத் தோல்வியை வைத்து மட்டும் அவரை எடைபோட்டுவிடாதீர்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1947இல் நடுவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, குத்துச்சண்டை மேடையிலேயே சரிந்து விழுந்து இறந்தார்.